பனிச் சுவரில் கால் வைக்கும் முன்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



நம் செயலாளர் போன வாரம் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "பனிமலை ஏறுவதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "தாம்பரத்துல நின்னுக்கிட்டு பனிமலையா? சரி சரி, நம்ம ஹால்ல ஏசி கிடையாது. ஜனங்களுக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும், பேசு" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். ஆகவே குளிர்விப்பது என் கடமை. ஆனால் முடிக்கும்போது உங்களிடம் ஒரு காரியம் கேட்கப்போகிறேன். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தகுதி. நான் எவரெஸ்ட் ஏறியவன் அல்ல. உத்தரகாசியில் 1965-ல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். அதற்குப் பிறகு வேலைக்கு லீவு கிடைத்த வருஷங்களில் சின்னச் சின்னச் சிகரங்களுக்குப் போய், பாதியில் ஏறி, பாதியில் இறங்கி, பத்திரமாகத் திரும்பி வந்தவன். அவ்வளவுதான். சாதனையாளன் பேசுவதாக நினைக்க வேண்டாம். படித்தவன் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? காரணம் 2023-ஆம் ஆண்டு மே மாதம். அந்த மாதம் 19-ஆம் தேதி, நமக்கு அடுத்த கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கும் ராஜசேகர் பச்சை என்ற இளைஞர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். நான்கு நாள் கழித்து, 23-ஆம் தேதி, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து சென்னையில் ஜப்பானிய மொழி ஆசிரியையாக இருக்கும் முத்தமிழ்ச்செல்வி அங்கே போய்ச் சேர்ந்தார். எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் அவர். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஒருவர் கடற்கரைக்காரர், இன்னொருவர் கரிசல் காட்டுக்காரர். இருவர் ஊரிலும் பனி கிடையாது. அன்றிலிருந்து நம் புறநகர்ப் பிள்ளைகள் பலருக்கு மலை ஆசை பிடித்திருக்கிறது. நல்ல ஆசை. அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு தேதிகளையும் மறுபடி பாருங்கள். மே 19, மே 23. இங்கே கத்திரி வெயில். தாம்பரம் பிளாட்பாரத்தில் தண்டவாளமே தகிக்கும். சரியாக அந்த நாட்களில்தான் எவரெஸ்ட்டில் ஆள் ஏற முடியும். இது தற்செயல் அல்ல. வானத்தின் மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று ஒன்று உண்டு, ஜெட் காற்று என்பார்கள். குளிர்காலம் முழுக்க அது இமயத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது அது வடக்கே நகர்கிறது. பருவமழைப் பனி கொட்டத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில நாள் இடைவெளியில்தான் எல்லோரும் உச்சிக்குப் போகிறார்கள்.

அடுத்து ஒரு தமிழ்ச் சங்கடம். நம் பாஷையில் எல்லாமே பனிதான். மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, தாம்பரம் ஏரிக்கரையில் மூட்டமாகக் கிடப்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. "பனி பெய்யுது, தலையில துண்டைக் கட்டிக்கோ" என்று பாட்டி சொன்னதோடு நம் பனி அறிவு முடிந்தது. மலையில் அப்படி முடியாது. புதிதாக விழுந்த பொடிப்பனி வேறு. காற்று அடித்து இறுக்கிப் பலகையாக்கிய பனி வேறு. வருஷக்கணக்கில் அழுந்திக் கண்ணாடிபோல் நீலமாகிவிட்ட பனிக்கட்டி வேறு. ஒன்றில் கால் புதையும். ஒன்று காலோடு சேர்ந்து சரியும். ஒன்றில் காலே நிற்காது. இந்த மூன்றையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் முதல் பாடம்.

இப்போது சுவருக்கு வருவோம். எவரெஸ்ட்டுக்கு நேபாளப் பக்கமாகப் போகிறவர்கள் எல்லோரும் கடக்க வேண்டிய ஒரு பனிச் சுவர் இருக்கிறது. பக்கத்துச் சிகரமான லோட்சேயின் முகப்பு அது. உயரம் சுமார் 3,700 அடி. நம் பரங்கிமலை சுமார் 300 அடி. பன்னிரண்டு பரங்கிமலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி சாய்வு, சில இடங்களில் அதைவிடச் செங்குத்து. வீட்டு மாடிப்படியின் சாய்வு 30, 35 டிகிரிதான் இருக்கும். அதில் கைப்பிடி இல்லாமல், படியும் இல்லாமல், வழவழவென்று ஐஸ் பூசியிருந்தால் எப்படி இருக்கும்? அந்தச் சுவரின் நடுவில், சுமார் 7,200 மீட்டரில், பனியைச் செதுக்கி மேடை பண்ணிக் கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். சுவருக்கு மேலே 7,900 மீட்டரில் சவுத் கோல் என்ற கணவாய். அங்கிருந்துதான் கடைசி நாள் ஏற்றம் தொடங்கும்.

எப்படி ஏறுகிறார்கள்? பூட்ஸுக்கு அடியில் கிராம்ப்பான் என்ற இரும்பு முள்தட்டு கட்டியிருக்கும். அதன் முன்பக்கம் இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளைப் பனியில் உதைத்துக் குத்தி, அதன்மேல் உடம்பு எடையை ஏற்றி நிற்க வேண்டும். குதிகாலைத் தூக்கினால் முள் பிடுங்கிக்கொள்ளும். குதிகாலைத் தாழ்த்தியே நிற்க வேண்டும். பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் கதறும். ஒரு கையில் பனிக்கோடரி. மறு கையில் ஜூமார். கயிற்றில் மேலே நகரும், கீழே நகராது, அப்படி ஒரு பல் வைத்த பிடி அது. கயிறு சுவர் நெடுக ஆணிகளில் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஆணி வந்ததும் பிடியைக் கழற்றி ஆணிக்கு மேல் மாற்றி மாட்ட வேண்டும்.

அந்த மாற்றுகிற இடத்தில்தான் கண்டம். களைப்பில், கனத்த கையுறையோடு, மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கும்போது இரண்டையும் ஒருசேரக் கழற்றிவிட்டால் முடிந்தது. உத்தரகாசியில் எங்கள் பயிற்சியாளர் ஒரு நாளைக்கு நூறு தடவை இதையேதான் சொன்னார். ஒன்றை மாட்டாமல் ஒன்றைக் கழற்றாதே. டெக்லா என்ற இடத்துப் பாறைகளில் முதலில் சொன்னார். பிறகு டோக்ரியானி பனியாற்றுக்குக் கூட்டிப்போய் அங்கேயும் சொன்னார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகச் செய்யும்வரை சொன்னார். பனிச் சரிவில் தலைகீழாக வழுக்கவிட்டு, கோடரியைக் குத்தி உடம்பைத் திருப்பி நிறுத்தப் பழக்கினார். ஒரு நாளில் நாற்பது தடவை. "போதும் சார்" என்றால், "மலை போதும்னு சொல்லட்டும்" என்பார். அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. அடுத்த ஐந்து வருஷத்துக்குள் இரண்டு முறை அந்தப் பழக்கம் என்னை நிறுத்தியிருக்கிறது.

இதெல்லாம் மே மாதத்துக் கதை. இதே சுவரில் குளிர்காலத்தில் ஏறினால்?

முதலில் காற்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலை நாம் எல்லோரும் பார்த்தோம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. தாம்பரத்தில் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். ஜனவரியில் எவரெஸ்ட் உயரத்தில் அதைவிடப் பலத்த காற்று அடிப்பது சகஜம். அந்தக் காற்று சுவரில் இருக்கும் பொடிப்பனியை எல்லாம் துடைத்து எடுத்துவிடும். மிச்சம் இருப்பது கருநீல ஐஸ். முள் குத்தினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

அடுத்து குளிர். மைனஸ் 40 டிகிரி. அந்த ஒரு இடத்தில் சென்டிகிரேடும் பாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடும் என்று நம் பிசிக்ஸ் புரபசர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பேட்டரி செத்துவிடும். உடம்பு, இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் முதலில் வலிக்கும், பிறகு மரக்கும். வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று தோன்றும். அப்போதுதான் ஆபத்து ஆரம்பம். அதற்குப் பெயர் பனிக்கடி.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரியாது. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் அழுத்தம் இன்னும் குறைகிறது. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. அதாவது மலை அதே மலைதான், நுரையீரலுக்கு மட்டும் ஜனவரியில் அது இன்னும் உயரமாகிவிடும். தாகம் எடுத்தாலும் தண்ணீர் கிடையாது. ஸ்டவ் பற்றவைத்துப் பனியை உருக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் உருக்குவதற்குள் குறுகிய பகலில் பாதி போய்விடும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே 1979-80 குளிர்காலத்தில் போலந்து நாட்டுக்காரர்கள் எவரெஸ்ட்டுக்குப் போனார்கள். தலைவர் ஆந்த்ரே சவாதா. உலகின் பெரிய சிகரங்களில் எல்லாம் மற்றவர்கள் முதலில் ஏறி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது குளிர்காலம்தான், அதையாவது நாம் எடுத்துக்கொள்வோம் என்பது அவர்கள் கணக்கு. வாரக்கணக்கில் காற்றோடு மல்லுக்கட்டினார்கள். நேபாள அரசு கொடுத்த அனுமதி பிப்ரவரி 15-ஆம் தேதியோடு முடிந்தது. கெஞ்சிக் கேட்டு இரண்டே நாள் நீட்டிப்பு வாங்கினார்கள். அந்தக் கடைசி நாளான 1980 பிப்ரவரி 17 அன்று பிற்பகலில் லெஷெக் சிஹி, கிரிஸ்டோஃப் வியலிட்ஸ்கி என்ற இருவர் உச்சியை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களில் ஒன்றைக் குளிர்காலத்தில் மனிதன் ஏறியது அதுவே முதல் முறை. அதே வியலிட்ஸ்கி 1988 டிசம்பர் 31 அன்று, முதுகெலும்பில் அடிபட்டு இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு, லோட்சே உச்சிக்கே தனியாளாக ஏறினார். பதினான்கில் கடைசியாக மிஞ்சிய கே-2 சிகரத்தை 2021 ஜனவரி 16-ஆம் தேதி பத்து நேபாளிகள் ஏறினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் உச்சிக்குக் கொஞ்சம் கீழே காத்திருந்து, பத்துப் பேரும் சேர்ந்து நடந்து போய் நின்றார்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு உச்சியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

வீரக் கதைகளில் பாதியைத்தான் ஜனங்கள் சொல்வார்கள். மறு பாதி இறக்கம். 2013 மார்ச் 5-ஆம் தேதி பிராட் பீக் சிகரத்தைப் போலந்து வீரர்கள் நால்வர் முதன்முதலாகக் குளிர்காலத்தில் ஏறினார்கள். முகாமுக்குத் திரும்பியவர்கள் இரண்டு பேர். போலந்தின் மாபெரும் வீரர் யேஜி குகுச்கா, பதினான்கு சிகரங்களையும் ஏறிய உலகின் இரண்டாவது மனிதர். 1989 அக்டோபர் 24 அன்று லோட்சேயின் தெற்குச் சுவரில் விழுந்து இறந்தார். கயிறு அறுந்துவிட்டது. காட்மாண்டு கடைவீதியில் வாங்கிய மெல்லிய பழைய கயிறு அது. அப்பேர்ப்பட்டவருக்கும் கயிறு கயிறுதான்.

நம் நாட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் சுமார் 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தான் ராணுவம் பிடித்து வைத்திருந்த ஒரு காவல்நிலை. அதற்குப் போக 1,500 அடி உயரப் பனிச் சுவரில் ஏற வேண்டும். 1987 மே மாதம் இரண்டாம் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டேயின் ரோந்துக் குழு அந்தச் சுவரில் வழி தேடிப் போனது. எதிரியின் குண்டுக்கு அவரும் உடன் சென்றவர்களில் பலரும் பலியானார்கள். அடுத்த மாதம் அவர் பெயராலேயே 'ஆபரேஷன் ராஜீவ்' நடந்தது. ஜூன் 26 அன்று நாயப் சுபேதார் பானா சிங் ஒரு சிறு குழுவோடு, பனிப்புயலுக்கு நடுவே, யாரும் எதிர்பார்க்காத செங்குத்துப் பக்கமாக ஏறி அந்த நிலையைக் கைப்பற்றினார். பரம் வீர் சக்ரா பெற்றார். அந்த இடம் இன்று பானா நிலை. காலண்டரில் ஜூன் மாதம்தான். ஆனால் அந்த உயரத்தில் எந்த மாதமும் குளிர்காலம்தான்.

அதே சியாச்சினில், 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சோனம் நிலையில் நம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள்மேல் பனிச்சரிவு விழுந்தது. அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் பனிக்கு அடியில் உயிரோடு இருந்து மீட்கப்பட்டார். பிப்ரவரி 11-ஆம் தேதி டில்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். பனியைப் பற்றித் தமிழனுக்கு என்ன கவலை என்று யாராவது கேட்டால், மதுரையிலும் தேனியிலும் வேலூரிலும் கிருஷ்ணகிரியிலும் அந்த வீடுகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

பனி ஏன் சரிகிறது? பல்லாவரத்துக் கருங்கல் கோடிக்கணக்கான வருஷமாக அங்கேயே இருக்கிறது. பனிச் சுவர் அப்படி இல்லை, அது தினமும் மாறும். கடுங்குளிரில் கீழடுக்குப் பனி ஒட்டும் தன்மையை இழந்து சர்க்கரைபோல் மணல்மணலாகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பலகையாகும். ரவைமேல் பலகை வைத்த மாதிரி. மேலே ஒரு ஆள் கால் வைத்தால் பலகை முழுசாக வழுக்கிக்கொண்டு போகும். இதில் கொடுமை என்னவென்றால், பனி அதிகம் சரிவது 30 முதல் 45 டிகிரி சாய்வில். அதைவிடச் செங்குத்தில் பனி தங்காது. அதைவிடக் குறைவில் எளிதில் சரியாது. நாம் ஏற ஆசைப்படும் சரிவுகளும் அந்தச் சாய்வில்தான் இருக்கின்றன.

இது தெரிந்தவர்களுக்கும் நடக்கிறது. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, நான் படித்த அதே உத்தரகாசி நிலையத்தின் பயிற்சிக் குழு திரௌபதி கா டாண்டா சிகரத்துக்குக் கீழே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. அதே வருஷம் மே மாதம் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆகவே பயிற்சி எடுத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சி எடுத்தவனுக்கு எப்போது பயப்பட வேண்டும் என்று தெரியும். எடுக்காதவனுக்கு அதுவும் தெரியாது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். போன வருஷம் நம் வகுப்புத் தோழன் ஒருவனின் மகள் என்னைப் பார்க்க வந்தாள். நல்ல கெட்டிக்காரப் பெண். "அங்கிள், நானும் எவரெஸ்ட் போகணும். எங்க பணம் கட்டணும்? யாரு ஸ்பான்ஸர் பண்ணுவாங்க?" என்றாள். நான், "நீ பனியைத் தொட்டுப் பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள். அங்க போனா ஷெர்பா எல்லாம் பாத்துப்பாங்கன்னு சொல்றாங்க" என்றாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? காலம் அப்படி. நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராகிவிட்டது. அதற்கு மேல் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுப்பது தனி. எல்லாம் சேர்த்தால் நம் ஊரில் ஒரு வீடு வாங்க முன்பணம் கட்டிவிடலாம். பணம் கட்டினால் கயிறு தயார், கூடாரம் தயார், ஆக்சிஜன் தயார். அந்தக் கயிற்றைக் கட்டப் போனவர்கள் யார்? 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி கும்பு பனியருவியில் ஐஸ் இடிந்து விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் ஒரே காலையில் இறந்தார்கள். நமக்காக மூட்டை சுமந்து போனவர்கள் அவர்கள். சுவரில் நாம் தடுமாறினால் நம்மைத் தூக்க வருகிறவரும் அவர்களில் ஒருவர்தான். பனியில் நிற்கத் தெரியாமல் போவது நம் உயிரோடு மட்டும் விளையாடுகிற விஷயம் இல்லை.

சரி, வேறு வழி உண்டா என்றால், கண்ணெதிரே இருக்கிறது. 2014 மே 25 அன்று மாலாவத் பூர்ணா என்ற பழங்குடிச் சிறுமி எவரெஸ்ட் ஏறினாள். வயது பதினான்குகூட நிறையவில்லை. கூடவே ஆனந்த் குமார் என்ற பையன். இருவரும் சமூகநல விடுதிப் பள்ளிப் பிள்ளைகள். யாரும் அவர்களை நேராகக் கொண்டுபோய் எவரெஸ்ட்டில் விடவில்லை. நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் போன்கிர் பாறையில் ஏறப் பழக்கினார்கள். தேறியவர்களை டார்ஜிலிங் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் லடாக்குக்குக் கொண்டுபோய்க் குளிரைக் காட்டினார்கள். அதற்கும் பிறகுதான் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை சின்ன வயதில் அனுப்பலாமா என்பது தனி வாதம். எனக்கே அதில் தயக்கம் உண்டு. ஆனால் வரிசை சரியான வரிசை. பாறை, பனியாறு, குளிர்காலம், பிறகு சிகரம்.

நாம் என்ன செய்கிறோம்? ஏறிவிட்டு வந்தால் மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், காசோலை கொடுக்கிறோம். ஏறுவதற்கு முன் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உச்சிக்குப் பரிசு வைத்தால் பிள்ளைகள் உச்சியைத்தான் பார்ப்பார்கள். மேலே நூறு மீட்டர் இருக்கும்போது வானிலை கெட்டால், ஸ்பான்ஸர் கொடுத்த பணமும் ஊரில் வைத்த பேனரும் கண்முன் வந்து நிற்கும். திரும்ப மனசு வராது. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்ததில், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாததும் ஒரு காரணம்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. வருஷத்துக்கு இரண்டு பேர், ஒரு மாணவன், ஒரு மாணவி. அவர்களை உத்தரகாசியிலோ, 1954-ல் தொடங்கிய டார்ஜிலிங் நிலையத்திலோ, மணாலியிலோ நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு நம் செலவில் அனுப்புவோம். ஏறத்தாழ நான்கு வாரம். அரசு நிலையங்கள் என்பதால் எவரெஸ்ட் செலவோடு ஒப்பிட்டால் அது டீச் செலவு. அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த மேல்நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். வாங்கினால் அதற்கும் அனுப்புவோம். சிபாரிசுக் கடிதம் எல்லாம் அங்கே செல்லாது. அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

போவதற்கு முன் தயாராக நம் வளாகமே போதும். 1937-ல் நம் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தபோது, தாம்பரம் காட்டில் யார் படிக்க வருவார்கள் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று மரநிழலில் சுற்றி ஓட எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். காலையில் ஓட்டம். வாரம் இரண்டு நாள் பதினைந்து கிலோ மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பரங்கிமலைப் படிகள். மூன்று மாதம் விடாமல் செய்கிற பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். மார்க் ஷீட்டைப் பார்க்க வேண்டாம்.

இன்னும் ஒரு நிபந்தனை. பயிற்சியில் பாதியில் திரும்பி வந்தாலும் அந்தப் பிள்ளையை இதே மேடைக்குக் கூப்பிட வேண்டும். "ஏன் திரும்பினே, சொல்லு" என்று மரியாதையாகக் கேட்டு, அதையும் இதே மலரில் அச்சிட வேண்டும். திரும்பி வந்தவனைக் கேலி செய்யாத ஊரில்தான் பிள்ளைகள் உயிரோடு திரும்பி வருவார்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கலாம். இப்போது காலையில் ஐந்தரை மணிக்குப் பரங்கிமலைப் படியில் மூட்டையோடு ஏறிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பா கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் இந்த ஹாலில்தான் இருக்கிறான், பெயர் சொன்னால் என்னை விடமாட்டான். டார்ஜிலிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எவரெஸ்ட் பேச்சை இப்போது எடுப்பதில்லை. "முதல்ல பனியைத் தொட்டுப் பாக்கறேன் அங்கிள்" என்கிறாள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். குறித்த நேரத்தில் திரும்ப வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு நானே மீறினால் நன்றாக இருக்காது. டீ இடைவேளைக்குப் பிறகு பொதுக்குழு கூடுகிறது. இந்தத் தீர்மானம் ஆறாவது பொருளாக வருகிறது. டீ குடித்துவிட்டு அப்படியே காருக்குப் போய்விடாமல் உள்ளே வந்து கை தூக்குங்கள்.